தம்பி மகளின் டாக்டர் படிப்புக்கு நாங்கள் தேடிய பல்கலைக்கழகம்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் கேட்டி என்ற ஊரில் என் தம்பி குடும்பம் இருக்கிறது. அவன் மகள் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். டாக்டராக வேண்டும் என்கிறாள். எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ப்பது என்பதுதான் போன வருஷம் முழுக்க எங்கள் வீட்டுப் பேச்சு. நான் கோபிசெட்டிபாளையத்தில் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ மாணவிகளுக்கு விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள். "அக்கா, நீங்க எத்தன புள்ளைகள டாக்டருக்கு அனுப்பியிருக்கீங்க, நீங்களே பாத்து ஒரு முடிவு சொல்லுங்க" என்று தம்பி என்னிடம் விட்டுவிட்டான். வாய்க்கு வந்ததைச் சொல்லக்கூடிய விஷயமா இது? படித்தேன், விசாரித்தேன், அமெரிக்காவில் இருக்கிற என் பழைய மாணவிகளுக்குப் போன் போட்டேன். நம் பக்கத்திலிருந்து போய் அங்கே குடியேறிய குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கும், இங்கிருந்து பிள்ளையை நேரே அனுப்ப நினைப்பவர்களுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

நம் ஊரில் இது எப்படி நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பிளஸ் டூ, நீட், தரவரிசைப் பட்டியல், கலந்தாய்வு. எந்தக் கல்லூரியைப் போடலாம் என்று பிள்ளைகள் என்னிடம் கேட்டால், பழைய கல்லூரியா, கட்டடம் எப்படி என்பதையெல்லாம் விட, அதன் ஆஸ்பத்திரியில் கூட்டம் எப்படி என்று பார் என்பேன். 1966-இல் தொடங்கிய கோவை மருத்துவக் கல்லூரி ஆகட்டும், காசநோய் சானடோரியம் இருந்த இடத்தில் வளர்ந்த பெருந்துறைக் கல்லூரி ஆகட்டும், 2022 ஜனவரியில் திறந்த திருப்பூர், நாமக்கல் கல்லூரிகள் ஆகட்டும், ஓபியில் காத்திருக்கும் சனம்தான் அங்கே பாடம். சேர்ந்துவிட்டால் அந்த நோயாளிகளைப் பார்ப்பது மாணவரின் படிப்பிலேயே அடங்கிவிடும்.

அமெரிக்காவில் பிளஸ் டூ முடித்த கையோடு மருத்துவம் படிப்பது அபூர்வம். முதலில் நாலு வருஷப் பட்டப்படிப்பு. அதற்குள் உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் எல்லாம் செய்முறையோடு முடிக்க வேண்டும். உயிர்வேதியியலும் புள்ளியியலும் பல இடங்களில் கேட்பார்கள். அப்புறம் எம்கேட் என்ற தேர்வு. 472-இல் தொடங்கி 528 வரை மதிப்பெண். அதற்கும் பிறகுதான் மருத்துவப் பள்ளிக்கு விண்ணப்பம். இந்த முதல் நாலு வருஷத்தைத்தான் பிரீ-மெட் என்கிறார்கள். அது தனிப் பட்டம் கிடையாது. எந்தப் பாடத்தில் பட்டம் வாங்கினாலும் இந்த வழியில் போகலாம்.

ஏன் இப்படி வைத்தார்கள் என்று தேடினால் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் போய் நிற்கிறது. 1893-இல் அங்கே மருத்துவப் பள்ளி திறந்தபோது பட்டம் பெற்றவர்களைத்தான் சேர்ப்போம் என்றார்கள். அந்தக் காலத்தில் பல மருத்துவப் பள்ளிகள் கட்டணம் கட்டினால் போதும் என்று ஆள் சேர்த்துக்கொண்டிருந்தன. 1910-இல் ஆபிரகாம் பிளெக்ஸ்னர் அமெரிக்கா, கனடாவில் இருந்த 155 பள்ளிகளையும் ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். ஹாப்கின்ஸைத்தான் முன்மாதிரியாகக் காட்டினார். அதன் பிறகு தரமில்லாத பள்ளிகள் ஏராளமாக மூடப்பட்டன. முதலில் கல்லூரி, பிறகு மருத்துவம் என்பது வழக்கமாயிற்று. பதினேழு வயதில் அப்பா சொன்னார், அப்புச்சி சொன்னார் என்று டாக்டர் படிப்புக்குப் போய், முதல் வருஷம் பிணவறையில் நின்று என்னிடம் போனில் அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும். யோசிக்க நாலு வருஷம் தருகிற ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

மேலே போவதற்கு முன் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஈரோடு பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். பையனுக்கு நீட்டில் அரசு இடத்துக்கான மதிப்பெண் வரவில்லை. தனியார் கல்லூரிக் கட்டணம் கட்டுப்படியாகவில்லை. அமெரிக்காவில் பிரீ-மெட் சேர்த்துவிட்டால் அப்படியே டாக்டராகி வந்துவிடலாம் என்று வெளிநாட்டுப் படிப்பு ஏஜென்சி ஒன்று சொல்லியிருக்கிறது. தோட்டத்தின் பேரில் கடன் வாங்கி அனுப்பினார்கள். இரண்டு வருஷம் உயிரியல் படித்த பிறகுதான் அவனுக்கே தெரிந்திருக்கிறது, அங்கே பெரும்பாலான மருத்துவப் பள்ளிகள் குடிமக்களையும் கிரீன் கார்டு உள்ளவர்களையும் மட்டும்தான் சேர்க்கும் என்பது. வெளிநாட்டு மாணவரை எடுக்கும் பள்ளிகள் மிகக் குறைவு. அவற்றிலும் சில, பல வருஷக் கட்டணத்தை முன்னதாகவே வங்கியில் போட்டுக் காட்டச் சொல்லும். அரசுக் கல்விக் கடனும் கிடைக்காது. பையன் கெட்டிக்காரன். இப்போது பொதுச் சுகாதாரத்தில் முதுகலை படிக்கத் தயாராகிறான், நன்றாக வருவான். ஆனால் அவன் அம்மா வாங்கிய கடனுக்கு இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே கோபியிலோ தாராபுரத்திலோ பொள்ளாச்சியிலோ இருந்துகொண்டு, மாணவர் விசாவில் பிள்ளையை பிரீ-மெட் அனுப்பலாமா என்று கேட்டால், டாக்டராவதுதான் நோக்கமென்றால் வேண்டாம் என்பேன். வேறு நாட்டில் மருத்துவம் படித்துவிட்டு இந்தியாவில் தொழில் செய்ய வேண்டும் என்றால் 2021-இல் வந்த தேசிய மருத்துவ ஆணைய விதிகளையும் பார்க்க வேண்டும். நீட் தகுதி வேண்டும். குறைந்தது 54 மாதப் படிப்பு, அது போக 12 மாதப் பயிற்சி, எல்லாம் ஒரே வெளிநாட்டு நிறுவனத்தில் முடிந்திருக்க வேண்டும். பிரீ-மெட்டையும் சேர்த்து ஒரே பொட்டலமாக விற்கிற கரீபியன் தீவுக் கல்லூரிகளின் விளம்பரம் நம் ஊர் ஃபிளெக்ஸ் பலகை வரைக்கும் வந்துவிட்டது. முன்பணம் கட்டுமுன் இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகக் கேளுங்கள்.

எங்கள் அம்மிணி அங்கேயே பிறந்த குடிமகள், அவளுக்கு அந்தத் தடை இல்லை. அவளுக்கும் போட்டி சாதாரணமானதில்லை. 2023-இல் எம்.டி. பள்ளிகளுக்கு (நம் ஊர் எம்பிபிஎஸ் மாதிரி அங்கே டாக்டருக்கான முதல் பட்டமே எம்.டி.தான்) விண்ணப்பித்தவர்கள் 52 ஆயிரத்துக்கு மேல், சேர்ந்தவர்கள் 23 ஆயிரம் அளவில். நாலு வருஷம் உழைத்து விண்ணப்பிப்பவர்களிலேயே பாதிக்கு மேல் அந்த வருஷம் இடமில்லாமல் திரும்புகிறார்கள். அதனால்தான் முதல் நாலு வருஷத்தை எங்கே கழிப்பது என்பது பெரிய கேள்வியாகிறது.

"எங்கள் மாணவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மருத்துவப் பள்ளியில் இடம்" என்ற மாதிரி விளம்பரங்களைத் தம்பி மனைவி அனுப்பிக்கொண்டே இருந்தாள். மிச்சிகனில் டாக்டராக இருக்கிற என் பழைய மாணவி ஒருத்தியிடம் கேட்டேன். அவள் கோவையில் எம்பிபிஎஸ் முடித்துப் போனவள், அங்கே ஒரு மருத்துவப் பள்ளியின் நேர்காணல் குழுவில் இருக்கிறாள். "டீச்சர், அந்தப் பத்து பேரு யாருன்னு மொதல்ல கேளுங்க" என்றாள். பல கல்லூரிகளில் மருத்துவ விண்ணப்பத்துக்கென்று ஒரு குழு இருக்கும். மாணவரைப் பற்றி அந்தக் குழு சேர்ந்து ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதும். மதிப்பெண் குறைந்த மாணவருக்குக் கடிதம் தர மறுக்கும் இடங்கள் உண்டு. கடிதம் கிடைக்காதவர்கள் பலர் விண்ணப்பமே போடுவதில்லை. கரிம வேதியியலில் தடுமாறி முதல் இரண்டு வருஷத்திலேயே விலகிப்போனவர்களும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். முதல் வருஷம் டாக்டர் ஆசையோடு வந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் கடைசியில் விண்ணப்பித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் முகம் தெரிந்துவிடும். நாங்கள் கேட்ட இடங்களில் சிலதான் நேராகப் பதில் சொன்னார்கள்.

பெயருக்கும் பலனுக்கும் எப்போதும் தொடர்பு இருப்பதில்லை என்பதற்கு நியூ ஆர்லியன்ஸில் இருக்கிற சேவியர் பல்கலைக்கழகத்தைச் சொல்லலாம். சிறிய கத்தோலிக்கக் கல்வி நிறுவனம், கருப்பின மாணவர்களுக்காகத் தொடங்கியது. பெரிய பணமோ பெயரோ இல்லாத இடம். ஆனால் மருத்துவம் படித்து முடிக்கும் கருப்பின டாக்டர்களைத் தயார்செய்வதில் பல்லாண்டுகள் நாட்டிலேயே முன்னணியில் நின்றது. வேதியியலில் பின்தங்கும் பிள்ளையைக் கழித்துவிடாமல், சேர்ந்து படிக்கிற குழுக்கள் வைத்து, அடிக்கடி சோதித்துக் கைதூக்கிவிட்டார்கள். இத்தனை வருஷம் வகுப்பறையில் நின்றவளுக்கு இதைப் படித்தபோது மனசு நிறைந்துவிட்டது. கழித்துவிடுகிற கல்லூரியா, கைதூக்கிவிடுகிற கல்லூரியா என்பதை அதன் பிறகு எல்லா இடத்திலும் விசாரித்தேன். கரிம வேதியியல் வகுப்பில் எத்தனை பேர், பேராசிரியரைத் தனியாகப் பார்க்க முடியுமா, பிரீ-மெட் ஆலோசகர் ஒருவருக்கு எத்தனை மாணவர்கள், பாடத்தில் இடம் கிடைக்காமல் பருவம் தள்ளிப்போகுமா. இதற்கெல்லாம் பதில் அந்தக் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கிற பிள்ளைகளிடம்தான் இருக்கும். அம்மிணியை நேரில் போய் அவர்களோடு கேன்டீனில் உட்காரச் சொன்னேன்.

சராசரி மதிப்பெண்ணும் இதில் சேர்ந்ததுதான். மருத்துவப் பள்ளியில் சேர்கிறவர்களின் ஜிபிஏ, அதாவது கல்லூரி மதிப்பெண் சராசரி, 4-க்கு 3.7-க்கு மேல் இருக்கிறது. கடினமான கல்லூரியில் படித்ததற்காகக் குறைந்த மதிப்பெண்ணைப் பெரிதாக மன்னித்துவிட மாட்டார்கள்.

அடுத்தது நோயாளிகள். நம் ஊரில் கல்லூரியோடு ஆஸ்பத்திரி தானாக வந்துவிடுகிறது. பிரீ-மெட் மாணவிக்கு அப்படி எதுவும் வராது. ஆஸ்பத்திரித் தன்னார்வலராகவோ, டாக்டர் சொல்வதைக் குறிப்பெழுதும் ஸ்கிரைபாகவோ, ஆம்புலன்ஸில் போகும் இ.எம்.டி. ஆகவோ அவளே வேலை தேடிக்கொள்ள வேண்டும். இது இல்லாத விண்ணப்பம் எடுபடாது. மிச்சிகன் மாணவி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பத்து எடத்துக்கு ஒரு வாரம் ஒரு வாரம் போனவங்கள எங்களுக்குப் பிடிக்காது டீச்சர். ஒரே எடத்துக்கு ரெண்டு வருஷம் விடாமப் போனவங்ககிட்டதான் பேசறதுக்கு விஷயம் இருக்கும்." படித்துக்கொண்டே இரண்டு வருஷம் விடாமல் போக வேண்டுமென்றால் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்க வேண்டும், கார் இல்லாமல் போய்வர முடிய வேண்டும். அழகான சிற்றூரில் இருக்கும் சில நல்ல கல்லூரிகளை நாங்கள் இதனால்தான் விட்டோம்.

ஹூஸ்டனுக்கு இதில் ஈடே இல்லை. டெக்சாஸ் மெடிக்கல் சென்டர் உலகத்திலேயே பெரிய மருத்துவ வளாகம். எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம், டெக்சாஸ் சில்ட்ரன்ஸ், மாவட்ட நிர்வாகத்தின் பென் டாப் ஆஸ்பத்திரி எல்லாம் அங்கேதான். பென் டாப் பற்றி விசாரித்ததும் எனக்கு மனதுக்கு நெருக்கமாகிவிட்டது. காப்பீடு இல்லாத ஏழைச் சனம் வருகிற இடம், ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் அதிகம். நான் இங்கே பிள்ளைகளுக்குச் சொல்கிற கூட்டமுள்ள ஆஸ்பத்திரி அதுதான். தெருவைக் கடந்தால் ரைஸ் பல்கலைக்கழகம். அம்மிணிக்கு ரைஸில் இடம் கிடைக்கவில்லை, அங்கே போட்டி அப்படி. ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில், நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கென்று இருக்கிற ஆனர்ஸ் கல்லூரியில் கிடைத்தது. அங்கேயே 2020-இல் 30 மாணவர்களோடு ஒரு மருத்துவப் பள்ளியும் தொடங்கியிருக்கிறார்கள். மெடிக்கல் சென்டருக்கு நகர ரயிலில் ஒரு முறை மாறிப் போய்விடலாம்.

ஒறம்பரைகளில் ஒருவர் பேய்லர் பல்கலைக்கழகத்தைச் சொன்னார், "அதுக்குத்தான் ஹூஸ்டன்ல பெரிய மெடிக்கல் காலேஜ் இருக்குதே" என்று. பல பேருக்கு இந்தக் குழப்பம் உண்டு. பேய்லர் பல்கலைக்கழகம் இருப்பது வேக்கோ நகரில். ஹூஸ்டனில் இருக்கிற பேய்லர் மருத்துவக் கல்லூரி 1969-லேயே அதிலிருந்து பிரிந்து தனி நிறுவனமாகிவிட்டது. ஒன்றில் சேர்ந்தால் மற்றொன்றின் கதவு தானாகத் திறக்காது.

இடம் தருவதாக இன்னொரு கடிதம் வடகிழக்கில் ஒரு பெரிய பெயருள்ள தனியார் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. தம்பி வீட்டில் இரண்டு நாள் ஒரே கொண்டாட்டம். தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 85 ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். உதவித்தொகை பெரிதாக இல்லை. நாலு வருஷம் கூட்டிப் பார்த்தால் மூன்றரை லட்சம் டாலர். இதைப் பற்றித்தான் தம்பியோடு அதிகம் வாதாடினேன். "பேரு இருக்குதுங்கக்கா" என்றான். சரி, பெயர் இருக்கிறது. ஆனால் அவள் டாக்டராவது அங்கே இல்லையே. அதற்கு இன்னும் நாலு வருஷம் மருத்துவப் பள்ளி, அதற்கு மேல் துறையைப் பொறுத்து மூன்று முதல் ஏழு வருஷம் ரெசிடென்சி என்ற ஆஸ்பத்திரிப் பயிற்சி. கடன் வாங்கி மருத்துவம் முடிப்பவர்கள் சுமார் 2 லட்சம் டாலர் கடனோடுதான் வெளியே வருகிறார்கள். போதாக்குறைக்கு, 2025-இல் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவருக்கு மத்திய அரசுக் கடன் வருஷத்துக்கு 50 ஆயிரம், மொத்தம் 2 லட்சம் டாலருக்கு மேல் கிடைக்காது. முன்பு முழுச் செலவுக்கும் கொடுத்துவந்த கிராட் பிளஸ் கடன் நிறுத்தப்படுகிறது. கையில் இருக்கிற பணத்தையெல்லாம் முதல் பட்டத்தில் கொட்டிவிட்டால், உண்மையில் பணம் தேவைப்படும்போது தனியார் வங்கி வாசலில் நிற்க வேண்டியதுதான். கல்யாணச் செலவையெல்லாம் நிச்சயதார்த்தத்திலேயே செய்து முடிப்பது போல ஆகிவிடும் என்றேன்.

டெக்சாஸ்காரர்களுக்கு ஒரு பெரிய அனுகூலமும் இருக்கிறது. அரசு மருத்துவப் பள்ளிகளில் வெளிமாநிலத்தவரை 10 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது என்று அங்கே விதி. கட்டணமும் நாட்டிலேயே குறைந்தவற்றில் சேரும். விண்ணப்பமும் தனி, டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ். என்ற ஒரே அமைப்பு வழியாக எல்லா அரசு மருத்துவப் பள்ளிகளுக்கும் போடலாம். எந்த மாநிலத்தில் குடியிருக்கிறோம், அந்த மாநிலம் தன் பிள்ளைகளுக்கு எத்தனை இடம் ஒதுக்குகிறது என்பதை முதலில் பாருங்கள். கலிபோர்னியாவில் இருக்கும் நம்மவர்களுக்கு இது வேறு மாதிரி அமையும். அங்கே விண்ணப்பங்கள் மிக அதிகம், பலர் வேறு மாநிலங்களுக்குத்தான் படிக்கப் போகிறார்கள்.

பட்டமும் மருத்துவமும் சேர்த்து ஒரே தடவையில் இடம் தரும் படிப்புகளும் உண்டு. பிரவுன் பல்கலைக்கழகத்தில் எட்டு வருஷம், மிசௌரி மாநிலத்தின் கான்சாஸ் சிட்டியில் ஆறு வருஷம். நம்மவர்களுக்கு இதில் மோகம் அதிகம். மனசு உறுதியான பிள்ளைக்கு நல்லதுதான். ஆனால் இடங்கள் மிகச் சில, அதையே நம்பி இருக்க முடியாது.

எந்தப் பாடத்தில் பட்டம் என்பதிலும் ஒரு சின்னச் சண்டை நடந்தது. அம்மிணி சமூகவியல் என்றாள். "சோசியாலஜி படிச்சா எவன் டாக்டர் சீட்டு குடுப்பான்?" என்று அவள் அம்மா பதறிவிட்டாள். 2015 முதல் எம்கேட்டில் உளவியல், சமூகவியலுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. கட்டாய அறிவியல் பாடங்களை முடித்திருந்தால் எந்தப் பட்டமும் செல்லும். என் கவலை வேறு. பாதி வழியில் மனசு மாறுகிற பிள்ளைகள் ஏராளம், மாறினால் அதில் தப்பும் இல்லை. அப்போது கையில் இருக்கும் பட்டம் அவளுக்கு வாழ்க்கைக்கு உதவ வேண்டும். "டாக்டர் ஆகலீன்னாலும் இதப் படிச்சதுக்கு சந்தோசப்படுவியா கண்ணு?" என்று கேட்டேன். "ஆமா அத்தை, நோய் ஏன் ஏழைங்களுக்கே நெறைய வருதுன்னு எனக்குத் தெரியணும்" என்றாள். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. அதோடு புள்ளியியலும் சேர்த்து எடு என்று மட்டும் சொன்னேன்.

டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தாள். சொந்தத்தில் ஒருவருக்குச் சத்தியமங்கலம் சாலையில் நர்சிங் ஹோம் இருக்கிறது. இங்கே நாலு ஊசி போட்டுப் பழகினால் அங்கே விண்ணப்பத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று யாரோ யோசனை சொன்னார்கள். நான் விடவில்லை. பயிற்சி இல்லாத மாணவர்கள் வெளிநாட்டில் நோயாளிக்குக் கைவைத்துச் சிகிச்சை செய்யக் கூடாது என்று அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமே வழிகாட்டுதல் வைத்திருக்கிறது. அதை எழுதினால் பலன் வராது, எதிராகத்தான் முடியும். அதை விடுங்கள், நம் சனத்தின் கை ஒரு பெண்ணின் விண்ணப்பத்துக்குப் பழகும் இடமா? டாக்டரின் அனுமதியோடு ஓபி பதிவு மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். சர்க்கரைக்கு மாத்திரை வாங்க வந்த பாட்டிமார் அவளை விசாரித்த விசாரிப்பில் தமிழ் நன்றாகப் பழகிவிட்டது.

மே 1-க்குள் முடிவு சொல்ல வேண்டும். அம்மிணியே ஹூஸ்டன் பல்கலைக்கழகம் என்று சொல்லிவிட்டாள். டெக்சாஸ்காரர்களுக்கு அங்கே கல்விக் கட்டணம் வருஷத்துக்குச் சுமார் 12 ஆயிரம் டாலர், ஆனர்ஸ் உதவித்தொகை அதில் ஒரு பகுதியைக் கழித்துவிடும். மிச்சமாகும் பணத்தை மருத்துவப் பள்ளிக்கென்று தனிக் கணக்கில் போட்டு வைக்கத் தம்பி ஒப்புக்கொண்டான். முதல் பருவத்தில் பொது வேதியியல், உயிரியல், புள்ளியியல் எடுக்கிறாள். இயற்பியலை இரண்டாம் வருஷத்துக்குத் தள்ளச் சொன்னேன், முதல் பருவத்தில் மூன்று செய்முறை வகுப்பு வேண்டாம். நாலாவதாக ஸ்பானிஷ். பென் டாப்பில் தன்னார்வலராகச் சேர என்னென்ன தடுப்பூசிச் சான்று வேண்டும் என்று இப்போதே கேட்டு எழுதியிருக்கிறாள்.